முப்பிடாதி மன்னிக்கிற வரைக்கும்

உட்காருங்கள் அக்கா, இந்த சீட் காலிதான். பையைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன். ஆமாம், கருப்பட்டிதான் மணக்கிறது. கருப்பட்டி, பச்சைப்பயறு, எள்ளு. முந்திரிக்கொத்து செய்யத்தான். இல்லை, விசேஷம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு ஆளை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆள் என்றால் பெரிய ஆள் இல்லை, என் மூத்தவள் கெசியா. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மடியில் தூங்குகிறவன் சின்னவன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேச வராது. ஞானவிளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பியூலாவா, அவள் வாயைத் திறக்க மாட்டாளே என்று. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஜெபம் பண்ணச் சொன்னால், என் முறை வருவதற்குள் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். சின்னவன் பிறந்ததில் அது ஒரு வசதி.

நீங்கள் வேதக்காரர்களா அக்கா, கிறிஸ்தவர்களா? இல்லையா? அப்படியென்றால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கூத்து புரியாது.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. பலிபீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போடுவோம். ஐயர், எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், அப்பமும் திராட்சரசமும் தருவார். அதற்கு முன்னால் ஒன்று வாசிப்பார், யார் மனதையாவது நோகடித்திருந்தால் முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வாருங்கள் என்று. நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்து கேட்போம். கேட்டுவிட்டு வரிசையாகப் போவோம். நானும் என் மைனியும், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோமே, அந்த வருஷம்கூட ஒரு மாதம் தவறினதில்லை. அவள் அந்த முனையில் முழங்கால் போடுவாள், நான் இந்த முனையில். அவ்வளவு ஒழுங்கு எங்கள் சபை.

இந்த ஒழுங்கில்தான் வந்து விழுந்தார்கள் எப்சிபா டீச்சர்.

கோயிலை ஒட்டியே பள்ளிக்கூடம். சபைப் பள்ளிக்கூடம் என்றாலும் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்புக்கு இந்த டீச்சர் வந்தார்கள். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. முன்பு இருந்த டீச்சர் காலையில் ஒரு ஜெபம் பண்ணுவார்கள் பாருங்கள், உலகத்து நாடுகளெல்லாம் அதில் வந்துவிடும். பிள்ளைகள் பாதி தூங்கிவிடும். அதுதான் ஜெபம். இவர்களோ, "ஆண்டவரே, இன்னைக்கு நாங்க ஒருத்தருக்கொருத்தர் நல்லா இருக்கணும், ஆமென்," அவ்வளவுதான். இதென்ன, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி?

ஆனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள் அக்கா. எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், அந்த மாதம் எந்தப் பிள்ளையை அநியாயமாகத் திட்டினார்களோ அந்தப் பிள்ளை முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார்கள். பிள்ளையிடம்! இடுப்பு உயரம் இல்லாத பிள்ளையிடம்! "ஜெபா, நீ தண்ணி கொட்டலை, நான் பாக்காம உன்னை அதட்டிட்டேன். தப்பு என்னோடது. மன்னிப்பியா?" இப்படி. பிள்ளை "சரி டீச்சர்" என்றதும் எழுந்து அடுத்த பிள்ளையிடம் போவார்கள்.

ஊரில் சிரித்தார்கள். "பிள்ளைய இப்பவே தலையில ஏறி உக்காருது, இனி கேக்கணுமா," என்றாள் மைனி. என் வருத்தம் அது இல்லை. என் வருத்தம் வேறே. ஜெபாவிடம் கேட்டார்கள். பாத்திமாவிடம் கேட்டார்கள். சளி ஒழுகிக்கொண்டே திரியுமே கடைக்காரர் மகன், அவனிடம்கூடக் கேட்டார்கள். என் கெசியாவிடம் ஒரு மாதமாவது கேட்டார்களா? கேட்கவில்லை.

"ஏம்ட்டி, உன்னைய டீச்சர் திட்டவே இல்லையா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூடவா?"

"நான் ஒண்ணும் செய்யலயேம்மா."

"செய்யாமலே திட்டுனாத்தானட்டி மன்னிப்பு!"

பாருங்கள், இந்த விவரம்கூட இல்லை பிள்ளைக்கு. மற்றப் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு வந்து "எங்கிட்ட டீச்சர் மன்னிப்புக் கேட்டாங்க" என்று பெருமையடிக்கும்போது என் பிள்ளை மட்டும் சும்மா நிற்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. நான் வெளியே சொல்லவில்லை. மைனியிடம் மட்டும் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வகுப்பில் முப்பிடாதி என்று ஒரு பிள்ளை. இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் இல்லை. அப்பா செம்மண் தேரிக்காட்டுப் பக்கம் ஆடு மேய்க்கிறவர், அம்மா செங்கல் சூளைக்குப் போகிறவள். ஆடி மாதம் ஒருநாள் இந்தப் பிள்ளை வகுப்புக்குப் பிந்தி வந்திருக்கிறது. ஏன் லேட் என்று டீச்சர் கேட்டதற்கு, "கோயில் மணிக்கோபுரத்துல மயில் இருந்துச்சு டீச்சர், பாத்துக்கிட்டே நின்னேன்," என்றிருக்கிறது. எங்கள் ஊரில் தேரியில் மயில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆடிக்காற்றில் செம்மண் பறந்து கண்ணைத் திறக்க முடியாத நாளில், அவ்வளவு உயரத்தில் மணிக்குப் பக்கத்தில் மயிலா? வகுப்பே கொல்லென்று சிரித்துவிட்டது. டீச்சருக்கும் அன்றைக்கு என்ன தலைவலியோ, "பொய் சொல்லாத முப்பிடாதி, வெளிய நில்லு," என்றுவிட்டார்கள். அதிலிருந்து பிள்ளைகள் அவளுக்கு 'மயிலம்மா' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டன.

மறுவாரம் கோயில்பிள்ளை, அதான் மணியடிக்கிற பெரியவர், மணிக்கயிற்றைப் பார்க்க மேலே ஏறினார். இறங்கும்போது கையில் இரண்டு மயிலிறகு. "மேல எச்சம் போட்டு வச்சிருக்கு மயிலு," என்று பள்ளிக்கூட வாசலில் நின்று சலித்துக்கொண்டார். டீச்சர் முகம் வெளுத்துப்போய்விட்டதாம். கெசியாதான் வந்து சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் முப்பிடாதி முன்னால் குத்தவைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னார்கள். "முப்பிடாதி, நீ உண்மைதான் சொன்ன. நான் உன்னைப் பொய் சொல்றேன்னு சொல்லி வெளிய நிக்க வச்சேன். தப்பு என்னோடது. மன்னிப்பியா?"

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "மாட்டேன் டீச்சர்," என்றதாம்.

அக்கா, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். டீச்சர், "சரி முப்பிடாதி. அடுத்த மாசம் கேக்கேன்," என்று எழுந்துவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்கு எல்லாரும் வரிசையாக எழுந்தோம். டீச்சர் எழவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒருத்தர் நற்கருணைக்குப் போகவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பெரிய அர்த்தம். வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் செய்துவிட்டார் என்று அர்த்தம். அதுவும் கல்யாணமாகாத டீச்சர். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் விட்டு வரும்போது மைனியிடம், "டீச்சர் ஏன் போகலன்னு தெரியல மைனி," என்றுமட்டும் சொன்னேன். அதில் என்ன தப்பு? தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வது உண்மைதானே.

மைனி வாய் சும்மா இருக்குமா? அடுத்த மாதமும் டீச்சர் உட்கார்ந்தே இருந்தபோது ஊரில் மூன்று கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் பாளையங்கோட்டையில் ஒரு ஆள். இன்னொன்றில் அந்த ஆளுக்கு மனைவி உண்டு. மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன், பிள்ளை மடியில் இருக்கிறான்.

சபைக் குழுவில் பேச்சு வந்துவிட்டது. நற்கருணைக்கு வராத டீச்சர் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள், வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எழுதிப்போடுவோம் என்று. ஐயர் நல்ல மனுஷர், பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் பொறுப்பு. டீச்சரைக் கூப்பிட்டு, "காரணத்தையாவது சொல்லுங்கம்மா. வார மாசமும் இப்படின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றாராம். டீச்சர், "ஒரு ஆள் எங்கூட இன்னும் சமாதானமாகல ஐயா," என்று மட்டும் சொன்னார்களாம். யார் என்று சொல்லவில்லை. ஆள் என்றதும் பாளையங்கோட்டைக் கதைக்குக் காலும் கையும் முளைத்துவிட்டது.

எனக்குத்தான் உள் விவரம் தெரியும், கெசியா சொல்லியிருந்தாளே. மற்றப் பிள்ளைகளும் வீட்டில் சொல்லியிருக்கும், ஆனால் அதையும் இதையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள்? டீச்சர் மாறிப் போய்விட்டால் என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எப்போது? அந்தக் கவலை எனக்கு. யாரிடமும் பேசாமல் நானே காரியத்தை முடித்துவிடலாம் என்று முந்திரிக்கொத்து செய்து ஒரு டப்பாவில் போட்டு, முப்பிடாதி வீட்டுக்குப் போனேன்.

பிள்ளை வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை கொடுத்துக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்று எடுத்தது. முன்பல் இல்லையா, கடைவாயில் வைத்துக் கடித்தது. இன்னொன்று எடுத்தது.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு கெசியா அம்மா."

"டீச்சர் பாவம்லா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிரேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"கோயில்பிள்ளத் தாத்தா சொன்ன பொறவுதான நம்புனாங்க. இறகக் கண்ட பொறவுதான நம்புனாங்க. நான் சொன்னப்ப நம்பலல்லா."

"இப்ப நம்புதாங்கல்லா?"

"இப்ப இறக நம்புதாங்க. என்னய நம்பல."

சொல்லிவிட்டு மூன்றாவதை எடுத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம்பினால் சரிதானே, யார் சொல்லி நம்பினால் என்ன? பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுத்தால் இப்படித்தான்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பேச வராதே. ஆனாலும் கேட்டேன். "டீச்சர், அது சின்னப் பிள்ள. நீங்க பாட்டுக்குப் போய் நற்கருணை எடுத்துக்கிடுங்க. ஆண்டவருக்குத் தெரியாதா?"

டீச்சர் சிரித்தார்கள். "ஆண்டவருக்குத் தெரியும் பியூலா. முப்பிடாதிக்குத் தெரியணும்லா."

"அப்ப காரணத்தையாவது ஊர்ல சொல்லிருங்க. என்னமெல்லாமோ பேசுதாவ."

"சொன்னா என்ன ஆகும்? ஊரே போய் அந்தப் பிள்ள முன்னால நிக்கும். பலகாரத்தக் காட்டியோ கண்ண உருட்டியோ மன்னிக்கச் சொல்லும். அது மன்னிப்பா? நீங்க யார்ட்டயும் சொல்லாதீங்க. எனக்கு வாக்குக் குடுங்க."

நான் டப்பாவை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு வாக்குக் கொடுத்தேன்.

வாக்கைக் காப்பாற்றினேன் அக்கா. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மைனி ஊரா? மைனி வீட்டு ஆள். அவள் திரும்பவும் அந்த மூன்றாவது கதையை எடுத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை, உண்மையைச் சொல்லி வாயை அடைத்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். வெளியே சொல்லாதே மைனி என்றும் சொன்னேன்.

அந்த வாரம் முப்பிடாதி வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! குழுக்காரர் வீட்டிலிருந்து அதிரசம். பாட்டுக்குழுவிலிருந்து முறுக்கு. மைனியே சீனிமிட்டாய் வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை எல்லாரையும் உட்கார வைத்து, எல்லாவற்றையும் வாங்கி, ஆட்டுக்குட்டிக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு, எல்லாரிடமும் ஒரே பதில்: "மாட்டேன்." முப்பிடாதியின் அம்மாவுக்கே பயம் வந்துவிட்டது. "சொல்லித் தொலையேன்ட்டி," என்று கையை ஓங்கினாளாம். அப்போது டீச்சரே அங்கே போய்க் கையைப் பிடித்துத் தடுத்து, "அவ இஷ்டம்மா. இத வச்சு யாரும் அவள ஒண்ணும் சொல்லக் கூடாது," என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார்கள். வரும் வழியில் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னவோ, வெயில் போல.

இப்போது ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாவம் டீச்சர் என்று பாதி. ஆடு மேய்க்கிறவர் பிள்ளைக்காகப் பலிபீடத்தையே அவமதிப்பதா என்று பாதி. வருகிற முதல் ஞாயிறும் டீச்சர் எழுந்து வராவிட்டால் மாற்றல்தான், குழு முடிவு பண்ணிவிட்டது.

அந்த ஞாயிறும் வந்தது. ஐயர் வாசித்தார், நாங்கள் தலை குனிந்தோம். வரிசை நகர்ந்தது. டீச்சர் உட்கார்ந்தே இருந்தார்கள். ஊரே முதுகில் கண் வைத்துக்கொண்டு நடந்தது. நான் போய் வாங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன், பக்கவாசலில் ஒரு தலை தெரிந்தது. இரட்டைச் சடை. முப்பிடாதி. கோயிலுக்குள் வந்து பழக்கமில்லாத பிள்ளை, வாசற்படியில் நின்றே சத்தமாகச் சொன்னது.

"டீச்சர்! கோபுரத்துல மயிலு வந்திருக்கு. வாங்க."

பாட்டு நின்றுவிட்டது. ஐயர் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். "போகாதீய டீச்சர், வெளாட்டுக்காட்டுது," என்று மைனி பல்லைக் கடித்தாள்.

டீச்சர் எழுந்தார்கள். நிஜமாவா என்று கேட்கவில்லை. ஐயர் பக்கம்கூடத் திரும்பவில்லை. செருப்புப் போடாத காலோடு பக்கவாசல் வழியாக இறங்கிப் போனார்கள்.

நான் பின்னால் போகவில்லை. சின்னவனுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்க வெளியே வந்தேன். அப்போது கோபுரத்து அடியைத் தாண்டித்தானே வரவேண்டும்? அங்கே டீச்சர் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பழைய ஏணி, கறகற என்கிறது. பாதி உயரம் போனதும் கீழேயிருந்து முப்பிடாதி கூப்பிட்டாள்.

"டீச்சர், எறங்குங்க. மயிலு இல்ல."

"பறந்துட்டா?"

"வரவே இல்ல."

டீச்சர் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள். தலையெல்லாம் ஒட்டடை. புடவையில் சுண்ணாம்பு. இன்றைக்குப் பிள்ளைக்கு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"சும்மா சொன்னேன். நான் சொன்னா வருவீங்களான்னு பாத்தேன்," என்றாள் முப்பிடாதி. கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினாள். அப்புறம், "மன்னிச்சிட்டேன் டீச்சர். சீக்கிரம் போங்க, உள்ள தீந்துரப் போவுது."

டீச்சர் ஏணிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏ பிள்ள, இப்ப நீ பொய்தான சொல்லியிருக்க!" என்றேன்.

"ஆமா," என்றார்கள் டீச்சர் இறங்கிக்கொண்டே. "அதுக்கு அவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேப்பியா முப்பிடாதி?"

"யோசிக்கேன்," என்றது அது.

டீச்சர் உள்ளே ஓடினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்து, ஐயர் அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டார். ஒட்டடைத் தலையும் சுண்ணாம்புப் புடவையுமாக டீச்சர் தனியாகப் போய் முழங்கால் போட்டார்கள். ஐயர் அவர்களைப் பார்த்தார். பக்கவாசலில் நிற்கிற முப்பிடாதியைப் பார்த்தார். அது தலையை ஆட்டியது. ஐயர் துணியைத் திரும்ப எடுத்தார்.

அப்போது மேலே மயில் அகவியது என்று மைனி இன்றைக்கும் சொல்கிறாள். நான் பொய் சொல்ல மாட்டேன் அக்கா. எனக்குக் கேட்டது டீச்சர் மூக்கை உறிஞ்சினது மட்டும்தான்.

மாற்றல் பேச்சு அதோடு போயிற்று. குழுக்காரர்கள் எல்லாம், நாங்கள் அப்போதே சொன்னோம் என்று சொல்லித் திரிகிறார்கள். நானும் யோசித்துப் பார்க்கிறேன், முந்திரிக்கொத்துதான் அந்தப் பிள்ளை மனதை முதலில் இளக்கியது. ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. போகட்டும்.

இப்போது கேளுங்கள், நான் எதற்குக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு போகிறேன் என்று. நேற்று வெள்ளிக்கிழமை. நாளைக்கு முதல் ஞாயிறு. நேற்றுக் கடைசிப் பாடவேளையில் டீச்சர் யார் முன்னால் குத்தவைத்தார்கள் தெரியுமா? என் கெசியா முன்னால்! எனக்குக் கேட்கவே உடம்பு சிலிர்த்தது.

"என்னட்டி சொன்னாங்க, அப்படியே சொல்லு," என்றேன்.

"'கெசியா, எனக்கு உங்க அம்மா மேல கோபம் இருந்துச்சு. அந்தக் கோபத்துல ஒரு மாசமா உன் முகத்தப் பாத்து நான் சரியாப் பேசல. உன் மேல தப்பு இல்ல. மன்னிப்பியா?' அப்படின்னாங்கம்மா."

பார்த்தீர்களா அக்கா? கடைசியில் என் பிள்ளையிடமும் கேட்டுவிட்டார்கள். ஊரில் இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் டீச்சருக்கு என் மேல் என்ன கோபம்? அதுதான் நேற்றிலிருந்து யோசிக்கிறேன், பிடிபடவே இல்லை. நான் யாரிடமும் வாய் திறக்காதவள்.

அது கிடக்கட்டும். "நீ என்னட்டி பதில் சொன்ன?" என்று கேட்டேன். இந்தக் கழுதை என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா?

"'யோசிச்சுச் சொல்லுதேன்'னேன்ம்மா. எங்க அம்மாகிட்டயும் நீங்க கேக்கணும்லா டீச்சர்னு சொன்னேன். அதுக்கு டீச்சர், 'உங்க அம்மாகிட்ட நான் கேக்கணுமா, அவங்க எங்கிட்ட கேக்கணுமான்னு நீயே வீட்ல கேட்டுட்டு வா'ன்னாங்க."

இதற்கு என்ன அர்த்தம் அக்கா? நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவளை மன்னிக்க வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு டீச்சர் திரும்பவும் உட்கார்ந்துவிடுவார்கள், ஊர் என்ன பேசும்? அதற்குத்தான் இந்தக் கொத்து. முதல் ஈட்டில் கொஞ்சம் டீச்சர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கப் போகவில்லை. சும்மா, கொத்து கொடுக்க. வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். டீச்சராக ஏதாவது கேட்டால் பதில் சொல்வேன். எனக்குப் பேச வராது என்று டீச்சருக்கும் தெரியும்தானே.

ஞானவிளை வந்துவிட்டது. நீங்களும் இங்கேதான் இறங்குகிறீர்களா? யார் வீட்டுக்கு? அட, பள்ளிக்கூடத்துக்குப் பின்வீடா! அது எங்கள் மைனி வீட்டுக்கு அடுத்த வீடு. கொஞ்சம் இந்தப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சின்னவனைத் தூக்கிக்கொள்கிறேன். அக்கா, நான் சொன்னது எதையும் அங்கே சொல்லிவிடாதீர்கள். மைனி கேட்டால், பஸ்ஸில் பியூலா பக்கத்தில்தான் இருந்தாள், வழியெல்லாம் வாயே திறக்கவில்லை என்று சொல்லுங்கள். நம்புவாள்.